அந்தப் பக்கம் ஆள் இல்லாவிட்டால்

கேள்வி எழுதச் சொல்லித்தரும் இணைப்பு வகுப்புக்கு மார்ச் மாதமே துண்டு போட்டுவிட்டார்கள். வேலூரில் காலை பதினொரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூடத் தங்காத பருவம் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் ஒவ்வொரு வட்டமும் தன் குளிர்கூடத்துக்கான கேள்வியைப் புதிதாக எழுதித் தரவேண்டும். அதை எழுதுகிறவர் அந்த வட்டத்தின் கேள்வியாள். மற்றவர்கள் அவர் எழுதிய கேள்விக்கு உட்பட்டவர்கள்.

குளிர்கூடம் பாதி மண்ணுக்குள் புதைந்த நீண்ட கட்டடம். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள், அடியில் மின்சேமிப்புக் கலங்கள். ஊரில் மின்சாரம் போனாலும் உள்ளே குளிர் குறையாது. கட்டியதே அதற்காகத்தான். ஆரம்பத்தில் கதவுக்குச் சாவி இருந்தது. சாவி வைத்திருந்தவர்களின் சகலைகளும் சம்பந்திகளும் உள்ளே பாய் விரித்துப் படுத்திருக்க, வெளியே வரிசையில் நின்றவர்கள் செத்தார்கள். அந்தக் கோடைக்குப் பிறகு அரசு சாவிகளைப் பிடுங்கிக்கொண்டு கதவுகளில் வாயிலறிவியைப் பொருத்தியது. வாயிலறிவிக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, சாதி இல்லை, வாங்குவதற்குக் கை இல்லை. வட்டத்தார் எழுதிக் கொடுத்த கேள்வியை அது அரசின் அட்டவணைகளிடம் கேட்கும். விடையில் உங்கள் பெயர் இருந்தால் கதவு திறக்கும். சட்டசபையில் இதை மக்களாட்சியின் உச்சம் என்றார்கள்.

மகிழினி வகுப்பில் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். காட்பாடியில் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. கணவன் ஓசூரில் இருந்தான், மாதம் ஓரிரு முறை வருவான். அவள் இந்த வகுப்புக்கு வந்ததற்கு ஒரே காரணம் மகள் பிறைமதி. ஏழு வயதுப் பிறைக்கு வியர்க்காது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மற்ற குழந்தைகள் வியர்த்துத் தப்பித்துக்கொள்ளும் சூட்டில் அவள் உடம்பு மட்டும் அடுப்பில் மறந்துபோன பாத்திரம் மாதிரி காய்ந்துகொண்டே போகும். ஈரச் சட்டையும் விசிறியும் இருந்தால் சமாளிக்கலாம். மின்சாரம் போய்விட்டால் குளிர்கூடத்தை விட்டால் வேறு வழியில்லை.

பயிற்றுநர் ஜெபராஜுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எதிரே இருந்தவர்களில் பாதிப்பேர் அவன் அப்பாவைவிட மூத்தவர்கள்.

"பயப்படாதீங்க. ஒரு கல்யாணம்னு வச்சுக்கங்க. ஒரு அட்டவணையில பத்திரிகை வச்ச ஆளுங்க. இன்னொண்ணுல பந்தியில உக்காந்த ஆளுங்க. ரெண்டுலயும் ஆள் எண் இருக்கு. இந்த எண்ணை அந்த எண்ணோட பொருத்தினா ரெண்டு அட்டவணையும் ஒண்ணாயிடும். இதான் இணைப்பு. அவ்ளோதான்."

"பத்திரிகை வச்சும் வராத ஆளு?" என்று பின்னாலிருந்து கேட்டார் சதீஷ்பாபு. வட்டக் குழுத் தலைவர். எழுபதைத் தாண்டியவர், இந்த வயதிலும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவார்.

"அங்கதான் சார் விஷயமே இருக்கு. உள்ளிணைப்புன்னு எழுதினா, ரெண்டு பக்கமும் இருக்கிறவங்க மட்டும்தான் விடையில வருவாங்க. வராத ஆளை யாரும் அடிக்கல, திட்டல. சும்மா காணாமப் போயிடுவாரு. இடது இணைப்புன்னு எழுதினா, இடது பக்கம் இருக்கிற அத்தனை பேரும் அப்படியே நிப்பாங்க. வராதவங்களுக்கு நேரா கட்டம் மட்டும் காலியா இருக்கும்."

"யாரு வரலன்னு பாக்கத்தானேப்பா கல்யாண வீடியோவே எடுக்கிறோம்?"

"அப்ப உங்களுக்கு இடது இணைப்பு ஏற்கெனவே தெரியும் சார்."

சிரிப்பு அடங்கியதும் ஜெபராஜ் சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ஒவ்வொரு இணைப்பு எழுதுறப்பவும் உங்களையே கேட்டுக்குங்க. அந்தப் பக்கம் ஆள் இல்லன்னா என்ன ஆகும்?"

அன்றைய பயிற்சியில் மகிழினி ஆட்கள் அட்டவணையையும் வீடுகள் அட்டவணையையும் சேர்த்தாள். எந்த எண்ணோடு எந்த எண் பொருந்த வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள். திரையில் வரிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, நிற்கவில்லை.

ஜெபராஜ் எட்டிப் பார்த்தான். "மேடம், நிபந்தனை இல்லாம இணைச்சுட்டீங்க. இப்ப வேலூர்ல எல்லாருக்கும் எல்லா வீடும் சொந்தம்."

"நல்லாத்தானே இருக்கு, விடுங்க தம்பி," என்றாள் பக்கத்தில் இருந்த ரேஷ்மா பானு. வட்டக் குழுவின் செயலாளர், பள்ளியில் கணக்கு ஆசிரியை. எல்லோரும் சிரித்தார்கள். மகிழினியும் சிரித்துக்கொண்டே அந்த விடையை அழித்தாள்.

பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது. பேருந்தில் போகும்போதுகூட இணைத்துப் பார்த்தாள். ஏறியவர்கள் ஓர் அட்டவணை, இறங்கும் இடங்கள் இன்னொன்று. மருந்துகள் ஒன்று, அவற்றை வாங்கிச் செல்கிறவர்கள் ஒன்று. தனித்தனியே ஊமையாகக் கிடந்த இரண்டு அட்டவணைகள் ஒரே ஒரு எண்ணைத் தொட்டதும் பேச ஆரம்பிப்பது அவளுக்கு வியப்பாகவே இருந்தது. வட்டத்துக்குக் கேள்வியாள் தேர்வு வந்தபோது அவளுக்குப் போட்டியே இல்லை.

"கதவு எழுதுறது நீதானாமே?" என்று கேட்டாள் ஜான்சி.

பிறை பள்ளியிலிருந்து வந்தது முதல் மகிழினி வேலை முடிந்து வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்வது ஜான்சிதான். கால்வாய்க்கரையில் தகர வீட்டில் இருப்பவள், தினமும் மகிழினியின் வீட்டுக்கு வந்து போவாள். பிறைக்கு இரண்டு பனியன்கள் வைத்திருப்பாள். ஒன்று உடம்பில், ஒன்று மண்பானைத் தண்ணீரில். குழந்தையின் பின்கழுத்தில் கையை வைத்துப் பார்த்தே எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வாள். மகிழினி வாங்கிவைத்த வெப்பமானி அலமாரியிலேயே இருந்தது.

"ஆமாக்கா. நான்தான்."

"இந்த வருசம் எங்க கரைக்கும் விலாசம் குடுத்துட்டாங்க, தெரியுமா? கோர்ட்டு சொல்லிடுச்சு. ஊட்டு நம்பர் தகட்டை எங்க வீட்டுக்காரு கதவுல அடிச்சு, குங்குமம்லாம் வச்சாச்சு. கதவே பாதி காணோம், அதுக்கு நம்பரு!" ஜான்சி சிரித்தாள். "இந்தத் தடவ நாங்களும் உள்ள வரலாம்ல? மத்தியானத்துல எங்க ஊடு தோசக்கல்லும்மா."

"விலாசம் இருந்தா வரலாம்க்கா. அதான் கேள்வியே," என்றாள் மகிழினி. சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் குழு கூடியது. பழைய கேள்வி எளிமையானது. ஆட்கள் அட்டவணையோடு விலாச அட்டவணையை இணைத்து, இந்த வட்டத்தில் விலாசம் உள்ளவர்களைக் கேட்கும். மகிழினி அதை ஓட்டிப் பார்த்தாள். கூடத்தில் படுக்க இடமுள்ளதைப் போல ஒன்றரை மடங்கு பெயர்கள் வந்தன. கால்வாய்க்கரை மொத்தமும் அதில் இருந்தது.

"முறை வச்சுக்கலாமே," என்றாள் ரேஷ்மா. "பாதிப்பேர் காலையில, பாதிப்பேர் மதியம்."

"டீச்சர், பள்ளிக்கூடத்துல ஷிப்ட்டு வைக்கலாம். வெயில்ல ஷிப்ட்டு வைக்க முடியுமா?" என்ற சதீஷ்பாபு மகிழினியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் பாப்பாவுக்குக் காலை முறை வந்து, கரண்ட் மத்தியானம் போச்சுன்னா என்ன பண்ணுவே?"

மகிழினி திரையில் பெயர்களை மேலும் கீழும் நகர்த்தினாள்.

"நான் யாரையும் வெளிய தள்ளச் சொல்லல. அந்தப் பேச்சே நமக்கு வேணாம். வீடுன்னா கரண்ட் கனெக்‌ஷன் இருக்கணும். நியாயம்தானே? மின்வாரியத்து அட்டவணையையும் சேத்து இணைச்சுடு. மீட்டர் இருக்கிற வீடு வரட்டும்."

கால்வாய்க்கரையில் மீட்டர் கிடையாது. கரை மொத்தத்துக்கும் ஒரு கம்பத்திலிருந்து ஒரே பொது இணைப்பு. அது யாருடைய வீட்டு எண்ணிலும் இல்லை.

மகிழினி ஒரு வரி சேர்த்தாள். விடை சரியாகக் கூடத்துக்குள் அடங்கியது. ஏழெட்டு இடம் மிச்சம்கூட இருந்தது. மின்வாரியத்தின் அட்டவணை நொடிக்கு நொடி புதுப்பிக்கப்படுவது, ஓடிக்கொண்டிருக்கும் மின் இணைப்புகள் மட்டுமே அதில் இருக்கும் என்று அவள் விளக்கியபோது சதீஷ்பாபுவுக்குப் பரம திருப்தி. இணைப்பைத் துண்டித்துவிட்டு வெளியூர் போனவர்கள், கட்டணம் கட்டாமல் துண்டிக்கப்பட்டவர்கள் எல்லோரும் தானாகவே விழுந்துவிடுவார்கள். "அப்டுடேட்டா இருக்கணும்மா, அதான் அழகு," என்றார். இணைப்பில் உள் என்பதை இடது என்று மாற்றினால் யாரும் விழமாட்டார்கள் என்பது மகிழினிக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். அவள் பிறையை நினைத்துக்கொண்டாள். தீர்மானத்தில் கால்வாய்க்கரை என்ற பெயர் எங்கும் வரவில்லை. ரேஷ்மாவும் கடைசியில் கையைத் தூக்கினாள்.

கேள்வியை ஏற்கும்முன் வாயிலறிவி வழக்கமான உறுதிமொழியைக் கேட்டது. சாவிக் காலத்து அக்கிரமம் திரும்பக் கூடாது என்று சேர்த்த விதி அது. "இந்த மாற்றத்தால் விடுபடுவோரில் உங்களுக்குத் தெரிந்தவர் எவரும் உண்டா?" உண்டு என்றால் கேள்வியாள் விலகிக்கொள்ள வேண்டும். பக்கத்து வட்டத்துக் கேள்வியாள் வந்து எழுதுவார். அவர் எப்படி எழுதுவாரோ.

"இல்லை," என்றாள் மகிழினி.

விதிப்படி அது குளிர்கூடத்தின் வெளிச்சுவர்த் திரையில் ஏறியது. "கேள்வியாள் மகிழினி: விடுபடுவோரில் எனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை."

மறுநாள் ஜான்சி வழக்கம்போல வந்தாள். பிறையின் பனியனை மாற்றினாள், ஈரப் பனியனைப் பிழிந்து கொடியில் போட்டாள். மகிழினி வரும்வரை இருந்து, வந்ததும் செருப்பை மாட்டினாள்.

"செவுத்துல பாத்தேன். எழுத்தெல்லாம் நல்லா பெருசாத்தான் போட்டிருக்காங்க."

"ஜான்சிக்கா, அது ஒரு சம்பிரதாயம். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க..."

"சரிம்மா. தெரியாதவங்க ஊட்டுக்கு டெய்லி வந்து போறது நல்லா இருக்காது." கோபமே இல்லாத குரல். "பானைத் தண்ணி மாத்தணும். மறந்துடாத."

அதன்பிறகு அவள் வரவில்லை. மகிழினி பிறைக்கு வேறு ஓர் ஆளை அமர்த்திக்கொண்டாள். அந்தப் பெண் வெப்பமானியை நம்புகிறவள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், மின்சாரம் போனது. பழுது ஒன்றும் இல்லை. மின்தொகுப்பு மொத்தமும் விழுந்துவிடாமல் காக்க, வாரியத்தின் எந்திரம் சில வட்டங்களை உதிர்த்துவிட்டது. அதற்குச் சுமை உதிர்ப்பு என்று பெயர். விசிறிகள் ஓய்ந்தன. மக்கள் பதற்றப்படவில்லை. தண்ணீர்ப் புட்டி, தலையணை, சீட்டுக்கட்டு எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது போலக் குளிர்கூடத்துக்கு நடந்தார்கள். மகிழினி நனைந்த பனியனோடு பிறையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கதவின் முன் முதலில் நின்றவர் சதீஷ்பாபு. மணிக்கட்டியை நீட்டினார். கையில் கட்டும் அந்தக் கருவியில்தான் எல்லோருடைய ஆள் எண்ணும் இருக்கும்.

"உங்கள் பெயர் விடையில் இல்லை," என்றது வாயிலறிவி, மரியாதையாக.

"நான் இந்த வட்டத்துத் தலைவர்."

"உங்கள் பெயர் விடையில் இல்லை. வட்டத்தார் எழுதிய கேள்விக்கு உட்பட்டது."

அடுத்தவர் நீட்டினார். அதற்கடுத்தவர் நீட்டினார். ரேஷ்மாவும் நீட்டினாள். ஒவ்வொருவருக்கும் அதே குரல், அதே மரியாதை. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களுக்கு நீட்டத் தெரியவில்லை என்று திட்டினார்கள். மகிழினி கேள்வியாளுக்குரிய சிறு திரையைத் திறந்து கேள்வியை ஓட்டினாள். ஒரு வரிகூட வரவில்லை. மறுபடியும் ஓட்டினாள். பிறகு உடம்பெல்லாம் வியர்த்தது.

"சார், கரண்ட் போச்சு," என்றாள்.

"அது தெரியாமத்தான் இங்க நிக்கிறோமா?"

"ஓடுற இணைப்பு மட்டும்தான் அந்த அட்டவணையில இருக்கும். இப்ப நம்ம வீடு எதுவும் அதுல இல்ல. அந்தப் பக்கம் யாருமே இல்லாததால இந்தப் பக்கமும் யாரும் இல்ல."

சதீஷ்பாபு அவளையே பார்த்தார். "கரண்ட் போனாத்தானேம்மா இங்க வருவோம்!"

"ஆமா சார்."

"மாத்து. இப்பவே மாத்து."

மாற்றம் கேட்டாள். வாயிலறிவி விதியைச் சொன்னது: கேள்வியை மாற்ற முன்மொழியும் உரிமை, குளிர்கூடத்தின் இப்போதைய விடையில் உள்ளோருக்கு மட்டுமே. தங்களுக்குச் சம்பந்தமில்லாத கதவில் வெளியாட்கள் கைவைக்கக் கூடாது என்று வட்டத்தாரே சில ஆண்டுகளுக்கு முன் வற்புறுத்திச் சேர்த்த விதி. "இப்போதைய விடையில் உள்ளோர்: எவருமில்லை," என்றும் சேர்த்துச் சொன்னது.

கண்ணாடிக்கு அப்பால் கூடம் தெரிந்தது. விளக்குகள் எரிந்தன. விரித்த பாய்கள் வரிசையாகக் கிடந்தன. குடிநீர்க் குழாயில் குளிர்ந்த துளி ஒன்று சேர்ந்து சேர்ந்து சொட்டியது. யாரோ கல்லை எடுத்து அடித்தார்கள். கூட்டம் புகுந்துவிடக் கூடாது என்று வெடிகுண்டுக்கும் அசையாத கண்ணாடியைக் கேட்டு வாங்கியதும் அவர்கள்தான்.

மருத்துவ ஊர்தியைக் கூப்பிட்டால் வரிசை எண் கிடைத்தது. பிறை பேசுவதை நிறுத்தியிருந்தாள். பனியன் உலர்ந்துவிட்டது. மகிழினி அவள் பின்கழுத்தில் கையை வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே கை வைத்துப் பார்த்ததில்லை என்பதால், அந்தச் சூடு எவ்வளவு மோசம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"கரைக்காரங்க எல்லாம் ரோட்டுக்கு அடியில சுரங்கத்துல இருக்காங்களாம்," என்றாள் ரேஷ்மா. "போ மகிழ், ஓடு."

நெடுஞ்சாலைக்கு அடியில் மழைநீர் போவதற்காக ஆள் நிற்கும் உயரத்துக்குக் கட்டிய சுரங்கம் அது. மழை வந்து பல வருடம் ஆயிற்று. குளிர்கூடத்தில் இடமில்லை என்று தெரிந்த அன்றே கால்வாய்க்கரை ஆட்கள் அதைப் பெருக்கி, இரண்டு வாயிலிலும் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, முறைபோட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருட்டாக, நெருக்கமாக, பேச்சொலியாக இருந்தது. வாயிலில் வாளியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எடமில்லம்மா."

"குழந்தைங்க. இவளுக்கு வேர்க்காது. உடம்பு கொதிக்குது."

"வர்றவங்களை எல்லாம் விட்டா உள்ள மூச்சு விட முடியாது. அதனால ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். உள்ள யாருக்காவது உங்களைத் தெரியணும். தெரிஞ்சவங்க தன் எடத்துல பாதியைக் குடுக்கணும். யாரைத் தெரியும்?"

மகிழினி பிறையைத் தோளில் ஏற்றிப் பிடித்தாள். "ஜான்சி," என்றாள்.

அவர் சாக்கை விலக்கிக் குரல் கொடுத்தார். பெயர் உள்ளே கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஜான்சி குனிந்து வெளியே வந்தாள். கண் கூசியது அவளுக்கு. மகிழினியைப் பார்த்தாள், பிறையைப் பார்த்தாள். முதலில் பின்கழுத்தில் கையை வைத்தாள்.

"அடிப்பாவி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. தன் முந்தானையை வாளியில் அமிழ்த்திக் குழந்தையின் தலையோடு சுற்றினாள்.

"தெரியுமா இவங்களை?" என்று கேட்டார் வாளிக்காரர்.

"புள்ளையைத் தெரியும்."

"இந்தம்மா?"

ஜான்சி பிறையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அவங்கதான் செவுத்துலயே எழுதிட்டாங்களே," என்றாள். "கரையில அவங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு."

சாக்கு விலகி மறுபடி விழுந்தது.

மகிழினி வாதாடவில்லை. இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் பெயர் விடையில் வரும். சாலையின் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு முழ அகல நிழல் இருந்தது. அதில் உட்கார்ந்தாள். வாளிக்காரர் கேட்காமலே ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார். நிழல் நகர்ந்தபோது அவளும் நகர்ந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளே பிறை தண்ணீர் கேட்கும் குரல் கேட்டது. பிறகு எதற்கோ அடம்பிடிக்கும் குரல் கேட்டது. அதற்குப் பிறகுதான் மகிழினி அழுதாள்.

வெயில் சாயும் நேரத்தில் மணிக்கட்டி அதிர்ந்தது. மின்சாரம் வந்துவிட்டது. "மகிழினி, குளிர்கூடத்தில் உங்களுக்கு இடம் உள்ளது. வருக."

உடனே சதீஷ்பாபுவின் குரலும் வந்தது. களைத்திருந்தார், ஆனால் உற்சாகத்துக்குக் குறைவில்லை. கூட்டத்தில் சுருண்டு விழுந்தவர்களில் இரண்டு பேர் தேறவில்லை என்று சொன்னார். பெயர்களைச் சொன்னார். பிறகு தொடர்ந்தார்: "யோசிச்சுப் பாத்தேன்மா. தப்பு இணைப்புல இல்ல, அட்டவணையிலதான். ஓடுற இணைப்பு அட்டவணையை எடுத்துட்டு, போன மாசத்து மீட்டர் அட்டவணையைப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும். அப்பவும் கரைக்காரங்க வரமாட்டாங்க. நீ வந்து எழுதிக் குடு. எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஜில்லுனு இருக்கு."

அவள் மணிக்கட்டியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு எழுந்து சுரங்கத்தின் வாயிலுக்குப் போனாள். வாளிக்காரரின் முறை முடிந்திருந்தது. வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மகிழினியை அவள் பார்த்ததில்லை.

"உள்ள ஒரு குழந்தை இருக்கா. பிறைன்னு பேரு. வெயில் எறங்கிடுச்சு. கூட்டிட்டுப் போக வந்தேன்."

"ஜான்சியக்கா மடியில தூங்குதே, அந்தப் புள்ளையா?" அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அதுக்கு யாரு?"

அரசின் அட்டவணை ஒன்றில் அதற்கான வரி இருந்தது. தாயின் எண்ணும் மகளின் எண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில், பிழையில்லாமல். இங்கே அதைப் படித்துப் பார்க்க எதுவும் இல்லை. சொல்வதற்கு உள்ளே ஒருத்தி இருந்தாள்.

"ஜான்சியக்காவைக் கேளுங்க," என்றாள் மகிழினி.